அங்கி அணியாத வகுப்பு

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது வாரத்துக்கு ஒரு பிற்பகல் எங்களுக்குப் பட்டறை வகுப்பு இருந்தது. காக்கி உடுப்பு அணிந்து வரிசையாக நின்று, வைஸில் இறுக்கிய இரும்புத் தகட்டை அரத்தால் ராவ வேண்டும். ஒரு தகட்டில் ‘வி’ வடிவப் பள்ளம், மற்றொன்றில் அதற்குப் பொருந்தும் முனை. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒளி கசியக் கூடாது. என் தகடுகளுக்கு நடுவே பகலவனே நுழைந்து போகலாம் என்றார் பட்டறை ஆசிரியர். அடுத்த வாரம் மூத்த மாணவர் ஒருவர் உதவிக்கு வந்தார். அவர் தந்த ஜோடி முந்தைய ஆண்டு அவருடையது. அதற்கு முந்தைய ஆண்டு வேறு யாருடையதோ. அதில் பொறித்திருந்த எண்ணை ராவி அழித்துவிட்டு என் எண்ணைத் தட்டிக்கொண்டேன். அந்த எண்ணை அழித்ததுதான் அவ்வாண்டு நான் உண்மையாகச் செய்த ராவல் வேலை.

ஆய்வகங்களிலும் இதே நிலைதான். அளவீடுகள் எந்திரத்திலிருந்து வரவில்லை, சென்ற ஆண்டின் ரெக்கார்ட் நோட்டிலிருந்து வந்தன. அந்தத் தகட்டால் எதையும் பூட்டப் போவதில்லை, அந்த அளவீட்டை நம்பி எதையும் கட்டப் போவதில்லை என்பது மாணவர்களுக்கும் தெரியும், ஆசிரியர்களுக்கும் தெரியும். எவரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ‘செய்து கற்றல்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகடு நினைவுக்கு வருகிறது. வெகுநாள் கழித்து ஹென்றி டயர் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றி வாசித்தபோதும் அதுவே நினைவுக்கு வந்தது.

டயரின் கதையை அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால் தொடங்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்கைத் தத்துவம், அதாவது இன்றைய இயற்பியல், கற்பித்தவர் ஜான் ஆண்டர்சன். சக பேராசிரியர்களோடு ஓயாமல் சண்டையிட்டவர். வழக்கமான வகுப்போடு நகரத்துக் கைவினைஞர்களுக்கென்றும் அவர் ஒரு வகுப்பு நடத்தினார். பல்கலைக்கழக மாணவர்கள் சிவப்பு அங்கி அணிந்து வர வேண்டும் என்பது விதி. இந்த வகுப்புக்கு அந்த விதி கிடையாது. நெசவாளரும் கொல்லரும் வேலை செய்த உடையோடு வந்து அமரலாம். கணிதத்தைக் குறைத்துச் சோதனைகளைக் கூட்டிக் கற்பித்தார். ‘அங்கி எதிர்ப்பு வகுப்பு’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

ஆண்டர்சனின் வகுப்புக்குச் சொந்தமான ஒரு சிறு நியூகோமன் நீராவி எந்திர மாதிரி சரியாக ஓட மறுத்தது. அதைப் பழுது பார்க்கும் பொறுப்பு 1763ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பல்கலைக்கழக வளாகத்தில் கருவிகள் செய்து வந்த இளைஞர் ஒருவரிடம் வந்தது. அவர் பெயர் ஜேம்ஸ் வாட். அந்தப் பொம்மை எந்திரம் ஏன் இவ்வளவு நீராவியை வீணாக்குகிறது என்ற கேள்விதான் அவரைத் தனிக் குளிர்விப்பானுக்கு இட்டுச் சென்றது. வகுப்பறைப் பொருள் ஒன்று உலகத்தை இந்த அளவுக்குப் புரட்டிப் போட்ட நிகழ்ச்சி வேறு ஏதேனும் உண்டா என்று தெரியவில்லை.

ஆண்டர்சன் 1796இல் இறந்தார். பயனுள்ள கல்விக்கென்று ஓர் இடம் அமைய வேண்டும் என்று எழுதித் தன் உடைமைகளை அதற்கே விட்டுச் சென்றார். பெண்களுக்கும் அங்கே பாடம் உண்டு என்றும் எழுதியிருந்தார். அவர் விட்டுச் சென்ற பணம் சொற்பம்தான். ஆனாலும் அந்த நிறுவனம் எழுந்தது, ஆண்டர்சன் கல்லூரி என்று வளர்ந்தது, பகலில் உழைப்பவர்களுக்கு இரவில் பாடம் நடத்தியது.

அந்த இரவு வகுப்புகளில் 1860களின் பிற்பாதியில் இரண்டு இளைஞர்கள் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் ஹென்றி டயர். 1848இல் பிறந்த தொழிலாளி மகன். பகலில் வார்ப்பாலையில் தொழில் பயின்றுகொண்டிருந்தவர். மற்றவர் யமாவோ யோசோ, ஜப்பானின் சோஷூ பகுதியைச் சேர்ந்த சாமுராய். வெளிநாடு செல்வது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலத்தில், 1863இல், கப்பலில் ஒளிந்து இங்கிலாந்துக்கு வந்த ஐந்து பேரில் ஒருவர். பின்னாளில் ஜப்பானின் முதல் பிரதமரான இடோ ஹிரோபுமியும் அந்த ஐவரில் உண்டு. லண்டனில் சிறிது காலம் படித்த யமாவோ 1866இல் கிளாஸ்கோ வந்து, நேப்பியர் கப்பல் கட்டும் தளத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். வாள் பிடித்த குலத்தில் பிறந்தவர் சுத்தியலும் உளியும் பிடித்தார். மாலையில் கை கழுவிக்கொண்டு ஆண்டர்சன் கல்லூரிக்கு வந்தார். இருவரும் ஒரே காலத்தில் அங்கே படித்தார்கள், ஆனால் பழக்கமில்லை.

1868இல் மெய்ஜி மீட்சியோடு யமாவோ நாடு திரும்பினார். புதிய அரசில் 1870இல் பொதுப்பணி அமைச்சகம் உருவானது. ரயில் பாதை, தந்தி, சுரங்கம், கலங்கரை விளக்கம் எல்லாம் அதன் கீழ் வந்தன. வேலை முழுவதும் சம்பளத்துக்கு அமர்த்திய அந்நியர் கையில். சொந்தப் பொறியாளர்களை உருவாக்க ஒரு கல்லூரி வேண்டும் என்றார் யமாவோ. தொழிலே இல்லாத நாட்டில் தொழிற்கல்லூரி எதற்கு என்று கேட்டவர்களிடம், ஆட்களை உருவாக்கிவிட்டால் தொழிலை அவர்கள் உருவாக்குவார்கள் என்று வாதாடியதாகச் சொல்வார்கள்.

ஆசிரியர்களைத் தேடும் பொறுப்பு 1872இல் இவாகுரா தூதுக்குழுவோடு பிரிட்டனுக்கு வந்த இடோவிடம் இருந்தது. விசாரணை கைமாறிக் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராங்கினை அடைந்தது. வெப்ப எந்திரவியல் படித்தவர்களுக்கு ராங்கின் சுழற்சி வழியாக அறிமுகமான அதே ராங்கின்தான். கோட்பாடும் நடைமுறையும் ஒன்றையொன்று பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதைத் தன் ஆசிரிய வாழ்வின் முதல் உரையிலிருந்தே வலியுறுத்தி வந்தவர். அப்போது தன்னிடம் படித்து முடிக்கும் தறுவாயில் இருந்த டயரின் பெயரைச் சொன்னார். அவ்வாண்டு டிசம்பரிலேயே ராங்கின் இறந்துவிட்டார். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத டயர், கல்லூரி முதல்வராக 1873இல் கப்பலேறினார்.

பாடத்திட்டத்தை அவர் பயணத்தின்போதே எழுதி முடித்தார். டோக்கியோவில் அதைப் பெற்றுக்கொண்டவர் அமைச்சகத்தின் உயர் அதிகாரியான யமாவோ. கிட்டத்தட்ட ஒரு சொல்லும் மாறாமல் அது ஏற்கப்பட்டது. ஒரு தொழிலாளியின் மகன் எழுதியதை, தொழிலாளியாக வாழ்ந்து பார்த்த ஒரு சாமுராய் வாசிக்கிறார். பகல் வேலை, இரவு பாடம் என்ற வாழ்க்கையின் ருசியும் களைப்பும் இருவருக்கும் தெரிந்திருந்தன. மாற்றுவதற்கு என்ன இருந்திருக்கும்?

டயருக்கு முன்னால் இரண்டு முறைகள் இருந்தன. பிரிட்டிஷ் முறையில் பொறியாளர் என்பவர் பணம் கட்டி ஒரு மூத்த பொறியாளரிடம் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்பவர். பாடம் என்று எவரும் எடுப்பதில்லை. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் நேர் எதிர்: முதலில் கணிதம், பிறகு மேலும் கணிதம், பட்டறை எல்லாவற்றுக்கும் கடைசி. டயர் இரண்டையும் இணைத்தார். படிப்பு ஆறு ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடம். நடு இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆறு மாதம் கல்லூரி, ஆறு மாதம் தேர்ந்த துறையில் நேரடி வேலை. கடைசி இரண்டு ஆண்டுகள் முழுக்க வேலைத்தளம். டோக்கியோவிலேயே அகபானே என்ற இடத்தில் அமைச்சகத்தின் பெரிய எந்திரத் தொழிற்சாலை இருந்தது. அங்கே மாணவர்கள் செய்தவை விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் போகும் எந்திரங்களின் பாகங்கள். அளவு தப்பினால் மதிப்பெண் குறைவதோடு விஷயம் முடியாது.

இதில் ஒரு சமூகச் சிக்கலும் இருந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் முன்னாள் சாமுராய்க் குடும்பங்களின் பிள்ளைகள். ஏடும் வாளும் அவர்களுக்குரியவை, உலையும் உளியும் கைவினைஞர்களுக்குரியவை என்பது தலைமுறைகளின் வழக்கம். கல்வி என்றால் கையில் அழுக்குப் படாமல் இருப்பதற்கான உரிமைச் சீட்டு என்று நினைப்பது ஜப்பானுக்கு மட்டும் உரியது இல்லை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுக் கடைசல் எந்திரத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. சட்டத்தால் ஒழிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு குலம் வேறு பிழைப்பைத் தேடிய நேரமாக அது இருந்தது டயரின் அதிர்ஷ்டம்.

1877இல் கோபு டைகாக்கோ என்று பெயர் மாறிய அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களும் இளைஞர்களே. மின்னியலும் தந்தியும் கற்பித்த வில்லியம் அயர்டன், கெல்வினிடம் பயின்று, 1868 முதல் இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றியவர். கம்பியில் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் பெயர் எடுத்தவர். அவரோடு 1875இல் ஜான் பெர்ரி சேர்ந்தார். சுரங்கவியலுக்கு ஜான் மில்ன். பூகம்ப ஆய்வின் முன்னோடியாகப் பின்னாளில் அறியப்பட்டவர். கட்டடக்கலைக்கு ஜோசையா காண்டர். அவரது முதல் அணி மாணவரான தத்சுனோ கிங்கோதான் 1914இல் திறக்கப்பட்ட டோக்கியோ ரயில் நிலையத்தை வடிவமைத்தவர்.

அயர்டனின் ஆய்வகத்தில் சோதனை என்பது பாடத்துக்குப் பிறகு ஒட்டவைத்த வால் ஆக இருக்கவில்லை. விடை தெரியாத கேள்விகளை எடுத்துக்கொண்டு மாணவர்களோடு சேர்ந்து அளந்தார். அவரும் பெர்ரியும் டோக்கியோவிலிருந்து அனுப்பிய ஆய்வுக் கட்டுரைகள் லண்டனில் வந்து குவிந்தன; மின்னியலின் மையமே ஜப்பான் பக்கம் நகர்ந்துவிட்டது என்று மாக்ஸ்வெல் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1878 மார்ச் 25 அன்று, மத்தியத் தந்தி அலுவலகத் திறப்பையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடந்த விருந்தில், அயர்டனும் மாணவர்களும் மின்கலங்களை அடுக்கி ஒரு வில் விளக்கை எரிய வைத்தார்கள். அதிக நேரம் எரியவில்லை. ஆனாலும் ஜப்பானில் அந்த நாள் இன்றும் மின்சார தினம். அன்று அங்கிருந்த மாணவர்களில் ஒருவரான ஃபுஜியோகா இச்சிசுகே 1890இல் மின்விளக்கு செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதன் வழித்தோன்றல்தான் தோஷிபா.

எனக்கு இந்த மாணவர்களில் மிகவும் பிடித்தவர் தனபே சகுரோ. 1869இல் தலைநகரம் டோக்கியோவுக்குப் போன பிறகு கியோட்டோ தேய்ந்துகொண்டிருந்தது. அருகே மலைக்கு அப்பால் பிவா என்ற பெரும் ஏரி. மலையைக் குடைந்து ஏரி நீரை நகரத்துக்குக் கொண்டுவர முடியுமா என்பது பழைய கனவு. இதையே தன் பட்டப் படிப்பின் இறுதித் திட்டமாக எடுத்துக்கொண்ட தனபே, இடத்தைச் சுற்றி அளந்தார். வேலையில் வலக்கை விரல் காயப்பட்டது. வரைபடங்களையும் கட்டுரையையும் இடக்கையால் முடித்தார் என்கிறார்கள். 1883இல் பட்டம் பெற்றார். கியோட்டோ ஆளுநர் கிடகாகி குனிமிச்சி அந்த இளைஞரை அழைத்து வேலையை ஒப்படைத்தார். வயது 21. நம்மில் எத்தனை பேருடைய இறுதியாண்டு புராஜெக்ட் கட்டுரையை நம்பி ஓர் ஆளுநர் மலையைக் குடையச் சொல்வார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1885இல் பணி தொடங்கியது. முதல் சுரங்கத்தின் நீளம் 2,436 மீட்டர். அன்றைய ஜப்பானில் அதுவரை எவரும் தோண்டாத நீளம். இரு முனைகளிலிருந்து மட்டும் குடைந்தால் காலம் போதாது என்று, மலை மேலிருந்து செங்குத்தாகக் கிணறு வெட்டி இறங்கி, அடியிலிருந்தும் இருபுறமும் குடைந்தார்கள். ஊற்று நீர் பொங்கி வந்தது. செங்கல்லுக்குத் தனிச் சூளை அமைக்க வேண்டியிருந்தது. பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லை. எனவே தனபே இரவில் அவர்களுக்குப் பாடம் நடத்திப் பகலில் அதையே வேலையில் செய்ய வைத்தார். கிளாஸ்கோவின் இரவு வகுப்பு ஒரு ஜப்பானிய மலையடிவாரத்தில் இப்படி மறுபடி முளைத்தது. அந்நியப் பொறியாளர் எவரும் பொறுப்பில் இல்லாமல் நடந்த அந்தப் பெரும் பணி 1890இல் முடிந்தது.

நடுவே 1888இல் தனபே அமெரிக்கா போனார். கால்வாய் நீரால் ஆலைச் சக்கரங்களைச் சுழற்றுவது என்பதுதான் முதல் திட்டம். கொலராடோவின் ஆஸ்பென் நகரில் நீரிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, பாதி கட்டிய நிலையில் திட்டத்தை மாற்றினார். கேஆகே மின்நிலையம் 1891இல் இயங்கத் தொடங்கியது. 1895இல் கியோட்டோவில் மின்சார டிராம் ஓடியது. பாடத்தில் இல்லாத ஒன்றைக் கண்டதும் தன் சொந்தத் திட்டத்தையே கைவிடும் துணிவு எந்தத் தேர்வில் சோதிக்கப்படும்? பணியின்போது 17 பேர் இறந்தார்கள். 1902இல் தனபே தன் சொந்தச் செலவில் அவர்களுக்கு நினைவுக்கல் எழுப்பினார்.

டோக்கியோவில் இது நடந்த அதே காலத்தில் கைவேலைக் கல்விக்கு இன்னொரு பாதையும் திறந்தது. மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியில் 1868இல் விக்டர் தெல்லா-வோஸ் ஒரு முறையை வகுத்தார். தச்சு, கொல்லு, கடைசல், ராவல் என்று ஒவ்வொரு தொழிலையும் சிறு சிறு பயிற்சிகளாகப் பிரித்து, எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒரே நேரத்தில் பலருக்குக் கற்பிப்பது. 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அந்தப் பயிற்சித் துண்டுகள் வைக்கப்பட்டன. பார்த்த எம்.ஐ.டி. தலைவர் ரன்கிள் சொக்கிப்போய்த் தன் நிறுவனத்தில் அதைக் கொண்டுவந்தார். குறைந்த செலவு, அதிக மாணவர்கள், சீரான மதிப்பீடு. மாஸ்கோவில் இந்தப் பயிற்சி முடிந்ததும் மாணவர்கள் உண்மையான உற்பத்திப் பட்டறைக்குப் போனார்கள். கடல் கடந்தபோது பெரும்பாலும் முதல் பாதி மட்டுமே போய்ச் சேர்ந்தது. என் ‘வி’ தகட்டின் வம்சாவளியைத் தேடினால் அது அகபானேக்குப் போகாது, மாஸ்கோவின் அந்தக் கண்ணாடிப் பேழைக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். தெல்லா-வோஸ் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. ஆயிரம் பேருக்குக் கற்பிக்க வேண்டும் என்றால் அவர் வழிதான் நடக்கும். டயரின் வழிக்கு ஓர் அமைச்சகமே தன் ரயில் பாதைகளையும் சுரங்கங்களையும் வகுப்பறையாகத் திறந்துவிட வேண்டும்.

அமைச்சகம் இல்லாமல் போனபோது என்ன ஆயிற்று என்பதே அதற்குச் சான்று. டயர் 1882இல் ஊர் திரும்பினார். 1885 டிசம்பரில் பொதுப்பணி அமைச்சகம் கலைக்கப்பட்டது. கல்லூரி கல்வி அமைச்சகத்தின் கைக்குப் போய், 1886இல் இம்பீரியல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஆறாண்டுத் திட்டம் அதோடு முடிந்தது. வெளியேறிய பட்டதாரிகள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். அவர்கள் கட்டியவற்றில் போர்க்கப்பலுக்கும் பீரங்கிக்கும் உதவியவையும் அடக்கம். 1904இல், ரஷ்யாவோடு ஜப்பான் போரில் இறங்கிய ஆண்டில், டயர் வெளியிட்ட ‘தாய் நிப்பான்’ என்ற பெரிய நூலின் பெருமிதத்தை இன்று வாசிக்கும்போது சற்று உறுத்தவே செய்கிறது.

திரும்பிப் போன ஆசிரியர்களோடு அந்த முறையும் பிரிட்டனுக்குப் போனது. அயர்டன் 1879இல் லண்டனின் ஃபின்ஸ்பரியில் ஒரு பள்ளியின் அறைகளில் மாலை வகுப்பைத் தொடங்கினார். அது 1883இல் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியாகச் சொந்தக் கட்டடம் கண்டது. பெர்ரியும் அங்கே வந்தார். நிரூபணங்களை மனப்பாடம் செய்து பயனில்லை, கட்டமிட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு வரைந்து பார்க்கட்டும், பயன்படுத்திய பிறகு நிரூபணத்தைத் தேடி அவனே வருவான் என்பது அவரது நடைமுறைக் கணிதத்தின் சாரம். 1901இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் இதற்காக அவர் பெரிய விவாதத்தையே எழுப்பினார். நாம் பள்ளியில் வாங்கிய கிராஃப் நோட்டுக்குப் பின்னால் அவருடைய வாதாட்டத்துக்கும் பங்கு உண்டு.

அதே 1901இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம், ஜப்பானிய மாணவர்கள் தங்கள் நுழைவுத் தேர்வில் ஜப்பானிய மொழியை எழுதலாம் என்று அனுமதித்தது. அதற்குத் தேர்வாளராக அமர்த்தப்பட்டவர் அப்போது லண்டனில் தனிமையில் வாடிக்கொண்டிருந்த ஓர் ஆங்கில ஆசிரியர், நட்சுமே சோசெகி. அவரது முதல் நாவல் வெளிவர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

டயருக்குத் தன் ஊரில் இடம் அமையவில்லை. முதல்வர் பதவிகளுக்கு முயன்று பார்த்தார், கிடைக்கவில்லை. ஜப்பானில் ஒன்பது ஆண்டுகள் ஒரு கல்லூரியையே எழுப்பியவருக்குச் சொந்த நாட்டில் கற்பிக்க ஒரு நாற்காலி இல்லை. ஆண்டர்சன் கல்லூரி 1886இல் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து புதிய தொழில்நுட்பக் கல்லூரி ஆனபோது அதன் ஆட்சிக் குழுவில் உறுப்பினரானார். 1918இல் இறக்கும் வரை கிளாஸ்கோவிலேயே இருந்தார். அவரிடம் வந்துபோன ஜப்பானிய மாணவர்கள் பகலில் கிளைட் நதிக்கரைக் கப்பல் தளங்களில் வேலை பார்த்தார்கள்.